மரம் ஏறத் தெரியும். கரண்ட் யார் சொல்லிக் கொடுத்தது?

1/
கொஞ்சம் நீளமான இழை. ஆனா வீட்டு வாசல்ல மரம் இருக்கிற எல்லாரும், தலைக்கு மேல கரண்ட் கம்பி போற எல்லாரும் ஒருதடவை படிச்சுடுங்க.

போன வருஷம் ஒரு மதியம். ஓபி முடிச்சு கை கழுவிட்டு உட்கார்ந்தேன். காஷுவாலிட்டியிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டாங்க. "டாக்டர், கரண்ட் ஷாக் கேஸ். மரத்துல இருந்து விழுந்திருக்கார்."

34 வயசு. மரம் வெட்டுற தொழிலாளி. அவர் யாருன்னு தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியாது. வலது உள்ளங்கையில ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகின புண். இடது குதிகால்ல இன்னொண்ணு. நல்லா பேசினார். தண்ணி கேட்டார். கூட வந்தவங்க, "காயம் சின்னதுதானே சார், கட்டுப் போட்டு அனுப்பிடுங்க"ன்னாங்க.

யூரின் ட்யூப் போட்டோம். வந்த சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல இருந்தது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

3/
ஏன்னு சொல்றேன். தீ தோலைச் சுடும். கரண்ட் உள்ளே இருக்கிறதைச் சுடும். உள்ளங்கையில நுழைஞ்சு குதிகால் வழியா வெளியேறும்போது, நடுவுல இருக்கிற தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் வெந்துபோகும். வெளியில தெரியுற புண் உள்ளே நடந்ததுல ஒரு சின்னப் பகுதிதான்.

வெந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்கிற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாழாக்கும். அந்த கட்டங்காப்பி நிறம் அதுதான். கை உள்ளுக்குள்ளயே வீங்கி, ரத்த ஓட்டம் நின்னுபோனா கையைக் காப்பாத்துறது கஷ்டம்.

4/
இசிஜி எடுத்தோம். ட்ரிப் ஏத்தினோம். விழுந்தவர் என்பதால் கழுத்துக்குக் காலர் போட்டு, 108-ல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

உயிர் பிழைச்சுட்டார். வலது கை முழங்கைக்குக் கீழே இப்போ இல்லை.

அன்னிக்கு அவர் மனைவி என்னைக் கேட்ட கேள்வி இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. "பதினஞ்சு வருஷமா மரம் ஏறுறார் சார். ஒருநாள் கூட கால் வழுக்கினதில்ல. எப்படி சார் இப்படி ஆச்சு?"

5/
நடந்தது இதுதான். வீட்டு வாசல்ல வேப்பமரம். கிளை லைன்ல உரசி அடிக்கடி கரண்ட் போகுது. வீட்டுக்காரர் இவரைக் கூப்பிட்டார். இவர், "லைன் இருக்கே சார்"னு தயங்கியிருக்கார். வீட்டுக்காரர் உள்ளே போய் மெயினை இறக்கிட்டு வந்து, "ஆஃப் பண்ணிட்டேன் தம்பி, தைரியமா வெட்டு"ன்னு சொல்லியிருக்கார்.

பொய் சொல்லலைங்க. நிஜமாவே ஆஃப் பண்ணியிருக்கார். தன் வீட்டு மெயின் ஸ்விட்சை.

6/
இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க வீட்டு மெயின் ஸ்விட்ச் மீட்டருக்கு அப்புறம் உங்க வீட்டுக்குள்ள போற கரண்டை மட்டும்தான் நிறுத்தும். தெருவுல போற கம்பி ட்ரான்ஸ்பார்மரிலிருந்து நேரா வருது. நீங்க மெயினை இறக்கினாலும் அதுல கரண்ட் அப்படியே இருக்கும். வீட்டுக்குள்ள வெச்சிருக்கிற இஎல்சிபி தெருக் கம்பிக்கு எந்தக் காப்பும் கொடுக்காது.

இது தெரியாம மரத்தடியில நின்னு, "மெயின் ஆஃப்"னு கத்துற வீடுகள் எத்தனையோ இருக்கும்.

7/
இன்னொண்ணு. அந்த போஸ்ட்ல ரெண்டு லைன் போகுது. கீழே வீட்டு லைன். உச்சியில 11 கேவி, அதாவது 11,000 வோல்ட். அவர் கீழ்க் கம்பியைத்தான் பார்த்தார், அதுல படாமதான் வெட்டினார். வெட்டின பச்சைக் கிளை சாயும்போது மேல் கம்பியில விழுந்துச்சு. கிளையோட மறுமுனை அவர் கையில.

பச்சைக் கிளைக்குள்ள சாறு ஓடுது. 11,000 வோல்ட்டுக்கு அது மரம் இல்லை, கம்பி.

8/
வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது அவர்தான். வராந்தாவுல உட்கார்ந்து அழுதார்.

மரத்தடியில ஒருத்தர், மரத்து மேல ஒருத்தர். கரண்டைப் பத்தி ரெண்டு பேருக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கலை. எனக்கு இருக்கிற கோபம் இந்த "சொல்லிக் கொடுக்கலை" மேலதான்.

9/
யோசிச்சுப் பாருங்க. ஒரு வயர்மேன் நம்ம மாநிலத்துல முறையா வேலை செய்யணும்னா அதுக்குத் தகுதிச் சான்று இருக்கு. மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கு. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு தனியாவே நடக்குது. 230 வோல்ட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு. தப்பே இல்லை, வேணும்.

அதே வீட்டு வாசல்ல 11,000 வோல்ட் பக்கத்துல அரிவாளோட ஏறுறவரிடம் நாம கேட்கிற ஒரே கேள்வி: "எவ்வளவு கேட்பே?"

10/
மரம் ஏறுறதுக்கே பயிற்சி எதுக்குன்னு ஒரு காலத்துல நினைச்சோம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கினப்போ பலர் சிரிச்சிருப்பாங்க. ஆனா கருவி வெச்சுப் பாதுகாப்பா ஏற இளைஞர்கள் கத்துக்கிட்டாங்க, பெண்களும் கத்துக்கிட்டாங்க. கேரா சுரக்‌ஷான்னு விபத்துக் காப்பீடும் வந்துச்சு.

அதாவது உடல் உழைப்புத் தொழிலுக்கு சில நாள் பயிற்சி, ஒரு சான்று, ஒரு காப்பீடுன்னு செய்ய நம்மால முடியும். செஞ்சும் இருக்கோம். லைன் பக்கத்துல வெட்டுறவருக்கு அதையே செய்யணும்னுதான் கேட்கிறேன்.

11/
வேற நாட்டுல எப்படி? அமெரிக்காவுல மின்கம்பி ஓரம் மரம் வெட்டுறது தனித் தொழிலாவே பார்க்கப்படுது. ஓஷா என்கிற அவங்க தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 1994-ல கொண்டு வந்த மின்சாரப் பணி விதிகள்ல இதுக்குன்னே தனிப் பகுதி இருக்கு.

பயிற்சி இல்லாதவர், 50,000 வோல்ட் வரைக்கும் உள்ள லைனுக்கு 10 அடிக்குள்ள போகக் கூடாது. அவர் கையில இருக்கிற கம்பும் போகக் கூடாது. நம்ம தெருவுல போற 11 கேவி, 22 கேவி, 33 கேவி எல்லாமே இந்த வரம்புக்குள்ள வர்றவைதான்.

12/
"கரண்ட் 10 அடி தாவுமா டாக்டர்?"னு கேட்பீங்க. தாவாது. 11 கேவி காத்துல தாவுற தூரம் ரொம்பக் குறைவுதான். அப்புறம் ஏன் 10 அடி?

ஏன்னா மரத்து மேல மனுஷன் சிலை மாதிரி நிக்க மாட்டான். கால் வழுக்கும், கை நீளும், காத்துல கிளை ஆடும், வெட்டின கிளை நினைச்ச பக்கம் விழாது. அந்த 10 அடி மனுஷன் தடுமாறுறதுக்குன்னு விட்டு வெச்ச இடம்.

13/
பயிற்சி பெற்றவர் உள்ளே போகலாம். ஆனா எந்தக் கம்பியில எவ்வளவு வோல்ட்னு அடையாளம் காணத் தெரியணும். எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்னு தெரியணும். பல சூழ்நிலைகள்ல, கூப்பிட்டா கேட்கிற தூரத்துல பயிற்சி பெற்ற இன்னொருத்தர் இருந்தே ஆகணும். ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற களத்துல முதலுதவியும் சிபிஆரும் தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்கணும். காத்து மழைன்னா வேலை இல்லை.

ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த சிபிஆர் விதி. ஷாக்ல இதயம் நின்னா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவர் உயிர் பக்கத்துல நிக்கிறவர் கையிலதான்.

14/
கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். அங்கே ஒரு பரீட்சை எழுதி அட்டை வாங்கினா முடிஞ்சதுன்னு இல்லை. "இந்த ஆள் இந்த வேலையைப் பாதுகாப்பா செய்வார்"னு பார்த்து உறுதி செய்யுற கடமை வேலை கொடுக்கிற முதலாளிக்கு. ஏதாவது ஆனா முதல் கேள்வி அவருக்குத்தான்.

அங்கேயும் விபத்து நடக்குது, சாவும் நடக்குது. இது ஆபத்தான தொழில், அதை மறைக்கலை. ஆனா ஒருத்தர் செத்தா "அவன் விதி"ன்னு யாரும் ஃபைலை மூட முடியாது.

15/
"சர்டிபிகேட்னு ஒண்ணு வந்தா ஏழைங்க பொழப்புல மண்ணு விழும். ஆயிரம் ரூபாய் லஞ்சம் கொடுத்து அட்டை வாங்குவான். இல்லாதவனைப் போலீஸ் பிடிக்கும்." என் நண்பன் ஒருத்தன் இப்படிச் சொன்னான்.

நியாயமான பயம். நானும் கிராமத்துல வளர்ந்தவன், அட்டை வாங்க நடக்கிற நடை எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன்: பயிற்சி இலவசமா இருக்கணும். பயிற்சி நாளுக்குக் கூலி கொடுக்கணும். சான்று இல்லாம ஏறினா, ஏறினவருக்குத் தண்டனை கூடாது. ஏறச் சொன்னவர்தான் பதில் சொல்லணும்.

16/
அதைவிட முக்கியமா ஒண்ணு. என் அனுபவத்துல இருந்து சொல்றேன்.

நான் எம்பிபிஎஸ். என்கிட்ட மூளையில ரத்தக்கசிவோட ஒருத்தர் வந்தா, நானே தலையைத் திறக்க மாட்டேன். முதலுதவி பண்ணி, மேல் சிகிச்சைக்கு அனுப்புவேன். யாராவது என்னைக் கோழைன்னு சொல்வாங்களா? என் சம்பளத்தை வெட்டுவாங்களா? மாட்டாங்க. என் சான்றிதழ் நான் என்ன செய்யலாம்னு சொல்லுது. எதைச் செய்யக் கூடாதுன்னும் சொல்லுது. அந்த ரெண்டாவது பாதி என்னையும் காப்பாத்துது, நோயாளியையும் காப்பாத்துது.

17/
இப்போ அந்த மரம் வெட்டுறவரை நினைச்சுப் பாருங்க. "லைன் இருக்கே சார்"னு தயங்கினார்னு சொன்னேன்ல? அவருக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு. ஆனா "மாட்டேன்"னு சொன்னா அன்னிக்குக் கூலி போச்சு. அடுத்த தெருவுல இன்னொருத்தன் ஏறிடுவான். "இதுக்கே பயப்படுறியா?"ன்னு ஒரு கேலி வேற.

அவர் கையில ஒரு சான்று இருந்து, "சார், எல்சி வாங்காம இந்த லைன்கிட்ட ஏறக் கூடாதுன்னு எங்களுக்கு ரூல்"னு சொல்ல முடிஞ்சிருந்தா? நான் கேட்கிற சர்டிபிகேட் அவர் ஏறுறதுக்கு அனுமதி மட்டும் இல்லை. "மாட்டேன்"னு சொல்றதுக்கான உரிமை.

18/
எல்சி தெரியாதவங்களுக்கு: லைன் கிளியர். மின் வாரிய ஊழியர் முறைப்படி லைனை நிறுத்தி, கரண்ட் இல்லைன்னு சோதிச்சு, கம்பியை எர்த் பண்ணி, அப்புறம் "வேலை செய்யலாம்"னு கொடுக்கிற அனுமதி.

எர்த் எதுக்கு? அதான் ஆஃப் பண்ணியாச்சே? புயலுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடும். ஒரு வீட்டுல தப்பா இணைச்சிருந்தா, அந்தக் கரண்ட் திரும்ப லைனுக்கு ஏறும். அணைச்ச லைன் உயிரோட இருக்கும். ட்ரிப் ஆன லைனும் அப்படித்தான், சப்-ஸ்டேஷன்ல திரும்ப சார்ஜ் பண்ணிப் பார்ப்பாங்க. 2018 கஜா மாதிரி ஒரு புயல் முடிஞ்ச மறுநாள் ஊரே அரிவாளும் ரம்பமுமா இறங்கும்போது, இதைத் தெரிஞ்ச ஒருத்தராவது தெருவுல இருக்கணும்.

19/
அப்போ நான் கேட்கிற பயிற்சி என்ன? ரெண்டு மூணு நாள் போதும். அரசு ஐடிஐ-லயோ வேளாண் அறிவியல் நிலையத்துலயோ, மின் வாரியத்துல அனுபவமுள்ள ஒருத்தரை வெச்சு நடத்தலாம்.

ஒண்ணு, கம்பியை அடையாளம் காணுறது. ரெண்டு, 10 அடி கணக்கு. மூணு, எல்சி-ன்னா என்ன, எர்த் போட்டிருக்கான்னு கண்ணால எப்படிப் பார்க்கிறது. நாலு, மேல மாட்டிக்கிட்டவரை இறக்குறதும் சிபிஆரும். அஞ்சு, காப்பீடு. நாலாவது பாடம் எடுக்க நானே வர்றேன், காசு வேணாம். என்னை மாதிரி நிறைய அரசு டாக்டர்கள் வருவாங்க.

20/
அது வர்ற வரைக்கும் நாம என்ன செய்யலாம்?

உங்க மரம் லைனுக்கு 10 அடிக்குள்ள இருந்தா, அது தனியா ஆள் விட்டு வெட்டுற வேலை இல்லை. உங்க பகுதி மின் வாரியப் பிரிவு அலுவலகத்துல சொல்லுங்க, இல்லைன்னா மின்னகம் 94987 94987-க்கு அடிங்க. பராமரிப்புக்காக மின்தடைன்னு அறிவிப்பு வருமே, அந்த நாளுக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சா சுலபம். ஆனா பேப்பர்ல "மின்தடை"ன்னு போட்டிருக்குன்னு நம்பி ஆளை ஏத்தாதீங்க. வேலை சீக்கிரம் முடிஞ்சா கரண்ட் சீக்கிரமே வந்துடும். லைன்மேன் மரத்தடியில நின்னு "ஏறலாம்"னு சொல்லணும்.

21/
தொரட்டி வெச்சு முருங்கை பறிக்கிறவங்க, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறவங்க: இரும்பு, அலுமினியக் கம்பு லைன் பக்கம் வேண்டவே வேண்டாம். "காய்ஞ்ச மூங்கில்தானே"ன்னும் நினைக்காதீங்க. வீட்டுக் கரண்ட்ல காய்ஞ்ச குச்சி காப்பாத்தலாம். 11 கேவி-ல அதை நம்பக் கூடாது.

பொதுவா வீட்டு லைன்ல நாலஞ்சு கம்பி இருக்கும். உச்சியில மூணு கம்பி, பெரிய பீங்கான் இன்சுலேட்டரோட போனா அது உயர் அழுத்த லைன். சந்தேகமா இருந்தா உயர் அழுத்தம்னே வெச்சுக்கோங்க.

"வீட்டுக் கரண்ட் லேசா ஷாக் அடிக்கும், அவ்வளவுதான்"னும் நினைக்காதீங்க. பிடிச்ச கம்பியை விட முடியாம கை இறுகிப்போக 10-லிருந்து 20 மில்லி ஆம்பியர் போதும். ஒரு 9 வாட் எல்இடி பல்புல ஓடுறதே சுமார் 40 மில்லி ஆம்பியர்.

22/
ஒருத்தருக்கு ஷாக் அடிச்சுட்டா:

• ஓடிப்போய்த் தொடாதீங்க. காப்பாத்தப் போனவர் ரெண்டாவது கேஸா வந்ததை நான் பார்த்திருக்கேன். லைன் நின்னதுன்னு மின் வாரியம் உறுதி சொல்லணும்.
• கம்பி அறுந்து தரையில கிடந்தா 10 மீட்டராவது தள்ளி நில்லுங்க. தரையிலேயே கரண்ட் பரவும்.
• பாதுகாப்பானதும் 108-க்கு சொல்லிட்டுப் பாருங்க. அசைவில்லை, மூச்சில்லைன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5-லிருந்து 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரை நிறுத்தாதீங்க.
• மணல்ல புதைக்காதீங்க, மண்ணு பூசாதீங்க, பேஸ்ட் தடவாதீங்க.
• உயர் அழுத்த ஷாக்னா, எழுந்து நடந்து "நல்லா இருக்கேன்"னு சொன்னாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆகணும். இசிஜி-யும் சிறுநீரும் பார்க்கணும்.

23/
கடைசியா. ரெண்டு மாசம் முன்னாடி அவர் திரும்ப வந்தார், மனைவியோட. முழுக்கைச் சட்டை, வலது பக்கம் மடிச்சுக் குத்தியிருந்தது. மாற்றுத்திறனாளி சான்றுக்கு யாரைப் பார்க்கணும்னு கேட்க வந்தார். எலும்பு மருத்துவரிடம் கூட்டிட்டுப் போய் விட்டேன்.

வெளியே வந்ததும் காகிதத்தை இடது கையில பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். "பதினஞ்சு வருஷம் மரம் ஏறினேன் டாக்டர். ஒரு சர்டிபிகேட்டும் யாரும் கொடுக்கல. இப்பதான் கெடச்சிருக்கு."

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

24/
அடுத்த ஆள் அந்தக் காகிதத்துக்காக என் ஓபி வாசல்ல வந்து நிக்கக் கூடாது. அதுக்கு முன்னாடியே அவர் கையில இன்னொரு காகிதம் இருக்கணும். சட்டம் எழுதுறவங்க கண்ணுல இது படணும். அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறது ஒண்ணுதான்: லைன் ஓரத்து மரத்துல யாரையும் ஏறச் சொல்லாதீங்க. ஏறுறவர் தயங்கினா, அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுங்க.

உங்க வீட்டுக்கு மரம் வெட்ட வர்ற அண்ணன்கிட்ட இதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க. பகிருங்க.